கால் ஒடுங்கிய மெத்தை

ஸ்டீரேஜ் என்ற சொல்லை என் ஆயுளில் முந்நூறு தடவையாவது எழுதியிருப்பேன். துறைமுகத்துக்கு வரும் பயணிக் கப்பல்களுக்குப் போர்டு எழுதுவது என் பிழைப்பு. வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்து, பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. அம்புக்குறி காட்டும் படியில் இறங்கினால் பகலிலும் விளக்கு எரியும் நீளமான கூடம். இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகப் பலகைக் கட்டில்கள். ஒருத்தர் புரண்டு படுத்தால் பக்கத்து ஆளும் புரண்டாக வேண்டும். கப்பலில் அதைவிட மலிவான இடம் கிடையாது. அதற்கும் கீழே கடல்தான்.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று வெகுநாள் எனக்குத் தெரியாது. மலிவு, ஏழை, இப்படி ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். எங்கள் தெருப் பிள்ளைகள் சண்டையில் ‘போடா ஸ்டீரேஜ்’ என்று ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும். அதை வைத்துப் பார்த்தால் என் ஊகம் அவ்வளவு தப்பில்லை. உண்மையான அர்த்தத்தைப் பெர்த் மாஸ்டர் வாயிலிருந்துதான் கேட்டேன். ஒரு சாவு விழுந்த பிறகு, விசாரணை நடந்த அறையில்.

செத்தவர் என் பக்கத்து வீட்டுக்காரர். அவர் மனைவியைத் தெருவே மெத்தைக்காரம்மா என்று கூப்பிடும். எனக்கு அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. குடி வந்த முதல் நாள் ஒரு தம்ளர் டீ கொடுத்து, “தம்பி, ஏணியைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்க, வைக்கோல் வண்டி திரும்பணும்” என்றாள். அன்றிலிருந்து அக்கா.

அவள் வீட்டில் உட்கார இடம் இருக்காது. முன்னறை முழுக்க வைக்கோல். பின்னறையில் கோணித்துணி, கயிறு, மெழுகு தடவிய நூல்கண்டு. ஸ்டீரேஜ் மெத்தை என்றால் பஞ்சு, ஸ்பிரிங் என்று கற்பனை செய்யாதீர்கள். கோணியைப் பைபோலத் தைத்து, வைக்கோலை அடைத்து, வாயை மூட வேண்டும். ஒரு தடவை போய்த் திரும்பும் பயணத்துக்கு மட்டும்தான். திரும்பி வரும்போது நம் கரை தெரிவதற்கு முதல் நாள் எல்லா மெத்தையையும் கடலில் வீசிவிடுவார்கள், பேன் இறங்கிவிடக் கூடாதாம். ஆக ஒவ்வொரு பயணத்துக்கும் புது மெத்தை. அக்காவின் உழைப்பு நேராகக் கடலுக்குத்தான் போகும். அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள், “மீனுங்க எல்லாம் நான் தெச்ச மெத்தையிலதான் தூங்குது.”

அளவுக்கு அட்டை வைத்திருப்பாள். ஒரு கப்பலின் கட்டில் போல இன்னொன்றின் கட்டில் இருக்காது. கோணியை அந்தந்த அட்டை மேல் விரித்துத்தான் வெட்டுவாள். சுவரில் ஆணி ஆணியாய் அட்டைகள். ஒவ்வொன்றிலும் கப்பல், மாதம், வருஷம், எத்தனை மெத்தை என்று கரிக்கட்டையால் எழுதியிருக்கும். தச்சருக்கு மட்டக்கோல் மாதிரி அவளுக்கு இந்த அட்டைகள்.

அவள் புருஷன் அக்கரையில் ஒரு கிடங்கில் ஆறு மாதம் மூட்டை தூக்கிவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். ஸ்டீரேஜ் டிக்கெட். நடுக்கடலில் புயல். விடியும்போது அவர் உடம்பு சுக்கான் சங்கிலிக்குள் சிக்கிக் கிடந்தது. அதற்கு மேல் நான் சொல்லப்போவதில்லை. பெட்டியைத் திறக்காமலே அடக்கம் செய்தோம் என்பது போதும்.

விசாரணை துறைமுக ஆபீசில். பயணிகளுக்குக் கட்டில் ஒதுக்குகிற பெர்த் மாஸ்டர் இஸ்திரி போட்ட சட்டையோடு எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு வாத்தியார்போல ஆரம்பித்தார்.

“ஸ்டீரேஜ்ங்கிற சொல்லுலயே எல்லாம் இருக்குங்க. ஸ்டீர்னா கப்பலைத் திருப்புறது. பழைய மரக்கப்பல்ல சுக்கானோட கயிறும் கட்டையும் ஓடுற பின்பக்கத்து அறைக்குத்தான் அந்தப் பேரு. அதைச் சுத்தி மிச்சம் கெடந்த இடத்தைத்தான் காசு இல்லாதவங்களுக்கு விட்டாங்க. அப்புறம் கப்பல் மாறிச்சு, படுக்கை முன்னாடி தள்ளி வந்துச்சு, பேரு மட்டும் கூடவே வந்துச்சு. ஆனா பின்கோடியில இன்னிக்கும் சுக்கான் சங்கிலி ஓடுது. அது வேலை நடக்குற இடம். நூத்தியெட்டுக் கட்டில், எல்லாமே முன்னாடி. இந்த ஆளு காத்தோட்டமா இருக்கும்னு தானாப் போய் அங்க படுத்திருக்காரு. நாங்க என்னங்க பண்றது?”

‘அனுமதியின்றி வேலையிடத்தில் நுழைந்து படுத்தவர்’ என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். கப்பலைப் பார்க்கப் போன விசாரணைக்காரர்களும் பின்கோடியில் கட்டில் எதையும் காணவில்லை. பலகைப் பெட்டிக்குள் சங்கிலி பத்திரமாக மூடியிருந்தது. சாம்பல் நிறப் பெயிண்ட் பளபளத்தது. கட்டில் நம்பர் போட்ட டிக்கெட்டைக் கப்பல் ஏறும்போதே கம்பெனி ஆட்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதுவும் கையில் இல்லை. மெத்தை கடலில். அந்த மாதமே கப்பலை வேறு கடலுக்கு மாற்றிவிட்டார்கள். பெர்த் மாஸ்டர் படிப்படியாக ஏறிப் பயணிகள் பிரிவுக்கே பெரியவர் ஆனார். ஆனாலும் எங்களுக்கு அவர் பெர்த் மாஸ்டர்தான்.

அக்காவின் மகளுக்கு அப்போது பதிமூன்று வயது. நாக்கு கூர்மை என்பதால் சின்னதிலேயே ஊசி என்று பேர். பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருத்தி, “உங்கப்பா திருட்டுத்தனமா போய்ப் படுத்தாராமே” என்றாள். சொன்னவளுக்குப் பல் ஒன்று போயிற்று. ஊசியின் படிப்பும் அதோடு போயிற்று. அம்மாவோடு உட்கார்ந்து மெத்தை தைத்தாள். தைத்துக்கொண்டே ஒன்பது வருஷம் அம்மாவைக் குத்தினாள்.

“அப்பாவைக் கொன்ன கம்பெனிக்கே மெத்தை தெச்சுத் திங்கிறோம். உனக்கு வெக்கமா இல்லையா?”

“நூலுக்கு மெழுகு தடவு” என்பாள் அக்கா.

ஒன்பது வருஷம் கழித்து அந்தக் கப்பலே எங்கள் துறைமுகத்துக்குத் திரும்பி வந்தது. சித்திரை வெயில்போல ஒரு வெயில், காற்றில் அசைவில்லை. வைக்கோல் தூசி வேர்வையில் ஒட்டிக் கழுத்தெல்லாம் அரித்தது. நான் என் வாசலில் பலகைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா ஒருவன் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்து, வைக்கோலைப் பார்த்துவிட்டுக் கழற்றாமலே அக்கா வீட்டுக்குள் போனான். இரண்டு வீட்டுக்கும் இடையில் இருந்தது ஒரு தட்டிதான். பேசுவது எல்லாம் கேட்கும்.

“அம்மா, நூத்தியெட்டு மெத்தை வேணும். பழைய கப்பல்தான், அளவு அட்டை உங்ககிட்ட இருக்குமாமே.”

“இருக்கு.”

“அப்புறம் இன்னும் நாலு. அது வேற அளவு. இருங்க, எழுதிக் குடுத்திருக்காரு... ‘கால்பக்கம் ஒடுக்கம், முன்பு தைத்தது போல.’ இதுவும் உங்களுக்குத் தெரியும்னாரு.”

தையல் நின்ற சத்தம்கூட எனக்குக் கேட்டது. சத்தம் நின்றால் கேட்காதா என்ன?

“யாரு எழுதினது தம்பி இது?” என்றாள் அக்கா.

“பெரியவரேதான். அவர் கையெழுத்துதான். ஏம்மா, புரியலையா?”

“நல்லாப் புரியுது. முத்து முத்தா இருக்கு. சீட்டை வெச்சிட்டுப் போ, மெத்தை ஏத்துற அன்னிக்குத் திருப்பித் தர்றேன். அதான் எங்க வழக்கம். டீ குடிக்கிறியா?”

அவன் டீ குடித்துவிட்டுத்தான் போனான். பாவம், நல்ல டீ என்று வேறு சொன்னான்.

அவன் போனதும் அக்கா எழுந்தாள். சுவரில் தொங்கும் அட்டைகளை அவள் பார்க்கவில்லை. தன் கட்டிலைத் தூக்கி, அடியில் கிடந்த கோணியைப் பிரித்து ஓர் அட்டையை எடுத்தாள். நான் பிரஷை வைத்துவிட்டு அவள் வாசலுக்கு வந்துவிட்டேன். தலைப்பக்கம் சாதாரண அகலம். கால்பக்கம் வரவர ஒடுங்கி ஒரு சாண் அளவில் முடிந்தது. கரியில் எழுதியிருந்தது: அந்தக் கப்பல், அந்த மாதம், அந்த வருஷம், நாலு.

ஊசி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னம்மா இது? சவப்பெட்டி மாதிரி இருக்கு. இந்த மாதிரி கட்டில் எங்க இருக்கு?”

“கப்பல் பின்னாடி போகப்போக ஒடுங்கும்ல. அந்தக் கோடியில. சங்கிலிப் பெட்டியோட மூடியைக் கழட்டிட்டு, மேல பலகை போட்டு, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டா நாலு கட்டில் சொருகினான் அந்த பெர்த் மாஸ்டர். நூத்தியொம்பதுலேருந்து நூத்திப்பன்னெண்டு வரைக்கும். உங்கப்பாவுக்கு நூத்திப்பத்து. கூட வந்த ஒருத்தர் அடக்கத்தன்னிக்கு என் காதுல சொல்லிட்டுப் போனாரு. மறுநாள் அவரு ஊருக்குப் போயிட்டாரு, திரும்பி வரவே இல்ல.”

“அது சரி. இந்த அட்டை எப்படி உன்கிட்ட...” கேட்டுக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள். அட்டையில் இருப்பது யார் எழுத்து என்று அவளுக்குத் தெரியாதா?

“நீதான் தெச்சியா?”

“நான்தான்.”

“அப்பா படுத்த மெத்தைய.”

“எல்லா மெத்தையும் நான்தானே தெக்கிறேன். ஒடுக்கமா கேக்குறாங்களே, அடியில என்ன இருக்குன்னு அப்ப வந்த ஆளைக் கேட்டேன். பலகைதான்னான். பலகை உறுத்துமேன்னு கால்பக்கம் ரெண்டு பிடி வைக்கோல் கூட வெச்சேன்.” அக்கா சாதாரணமாகத்தான் சொன்னாள். “உங்கப்பா நல்லா அசந்து தூங்கியிருப்பாரு.”

ஊசி அட்டையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அன்று முழுக்க வீட்டுக்குள் வரவில்லை. என் வாசலில் பெயிண்ட் டின் மேல் உட்கார்ந்திருந்தாள். நான் ரொட்டி கொடுத்தேன், தொடவில்லை. சாயங்காலம் அவளாகவே வாயைத் திறந்தாள்.

“போர்டு மாமா, இத்தனை வருஷம் அந்த அட்டையை அடியில போட்டுட்டு அது மேலயே படுத்திருக்காளே. இவ மனுஷியா?”

“அக்கா பாவம்டி.”

“பாவமாவது! ஒன்பது வருஷம் என்கிட்டத் திட்டு வாங்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலையே. சொல்லியிருந்தா அன்னிக்கே அவன் குடலை உருவியிருப்பேன்ல?”

“அதனாலதான் சொல்லலை” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “கப்பல் இல்லாம இந்த அட்டை வெறும் அட்டை. வந்து உக்காரு. நாலு மெத்தை தெக்கணும்.”

ஊசி எழுந்து உள்ளே போனாள். போனவள் புது யோசனையோடு போனாள்.

“அவன் ஆபீஸ்ல ஒரு சாய்வு நாற்காலி இருக்கு. மெத்தை கேட்டானாம் போன மாசம். உள்ள நாப்பது ஊசி வெச்சுத் தெச்சுடறேன்.”

“ஊசி குத்தினா ஒரு நாள் வலிக்கும். மறுநாள் களிம்பு போட்டுக்குவான்.”

“அப்போ கப்பலைக் கொளுத்திடலாம்.”

“கொளுத்திட்டா எனக்கு எது சாட்சி? அந்தக் கப்பல் ஒரு ஆணி கொறையாம எனக்கு வேணும். மெழுகை எடு.”

தலைமை ஆபீசிலிருந்து சர்வேயர் ஒருவர் வரப்போவது எனக்குத் தெரிந்திருந்தது. ஆளேற்ற லைசென்ஸ் கொடுக்கும் முன் அவர் கப்பலைச் சோதிப்பார். நூற்றெட்டுக் கட்டிலை எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அவர் போன பிறகு நாலு கட்டில் முளைக்கும். மெத்தையை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டார் பெர்த் மாஸ்டர். கோணிப்பைக்குக் கண் உண்டா, வாய் உண்டா என்று நினைத்திருப்பார். இந்த வீட்டில் ஒவ்வொரு மெத்தைக்கும் ஓர் அட்டை இருக்கிறது என்று அவர் ஒரு நாளும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். அவர்கள் மெத்தையையும் பார்ப்பதில்லை, தைப்பவளையும் பார்ப்பதில்லை.

“சர்வேயர் என்னிக்கு வர்றாருன்னு மட்டும் சொல்லு தம்பி, போதும்” என்றாள் அக்கா.

“வியாழக்கிழமை காலைல. நான் படிக்கு மேல போர்டு மாட்டிக்கிட்டிருப்பேன்.”

“அது போதும்.”

அது போதாது என்று எனக்குத் தெரியும். இங்கே என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கப்பல் கரை சேர்ந்த மறுநாள், பெர்த் மாஸ்டர் எனக்கு ஆள் அனுப்பினார். பின்கோடியில், கப்பலின் உடம்பைத் தாங்கும் இரும்பு விலாக்களில் எட்டு ஓட்டைகள். கட்டிலின் கொக்கிகளைக் கழற்றிய ஓட்டைகள். அவற்றில் மக்கு என்கிற பூச்சுப் பசையை அடைத்திருந்தார்கள். “மேல சாம்பல் அடிச்சு விடுப்பா, பளிச்சுன்னு இருக்கட்டும்” என்றார். அடித்தேன். என்ன ஓட்டை என்று கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்குக் காரணம் எனக்குத் தெரிந்திருந்ததுதான். அன்றிலிருந்து துறைமுகத்துப் போர்டு எல்லாம் எனக்கே வந்தது. அக்கா கொடுத்த டீயையும் தினம் குடித்தேன்.

வியாழக்கிழமை வந்தது. கப்பலுக்குள் காலையிலேயே அடுப்படிபோல வெக்கை. சர்வேயர் ஒல்லியான மனிதர். கையில் இரும்பு டேப், காதில் பென்சில், முகத்தில் சிரிப்பென்பதே கிடையாது. பெர்த் மாஸ்டர் அவருக்கு விசிறாத குறையாகக் கூடவே வந்தார். கட்டில்களை எண்ணி முடித்து, “நூத்தியெட்டு. சரியா இருக்கு” என்று சர்வேயர் பென்சிலை எடுத்தார்.

அப்போது படியில் அக்கா இறங்கி வந்தாள். தலையில் ஒரு மெத்தை, கையில் கோணி சுற்றிய அட்டை. பின்னால் ஊசி, அவள் தலையில் இன்னொன்று.

“யாரு உள்ள விட்டது இவங்களை?” என்றார் பெர்த் மாஸ்டர்.

“மெத்தை ஏத்த வந்திருக்கோம் சார். ஆர்டர் குடுத்தீங்களே” என்றாள் அக்கா. “நூத்தியெட்டு கரையில இருக்கு. இது மிச்ச நாலுல ரெண்டு. எங்க போடறதுன்னு தெரியல. இங்க இருக்கிற கட்டில் எல்லாம் நேரா இருக்கு, ஒண்ணுலயும் இது உக்காராது. சீட்டுல நீங்க எழுதினபடிதான் தெச்சேன்.”

சீட்டைப் பெர்த் மாஸ்டரிடம் நீட்டவில்லை. சர்வேயரிடம் நீட்டினாள்.

சர்வேயர் படித்தார். மெத்தையைப் பார்த்தார். “நாலு எதுக்கு?” என்றார்.

“அது... மாலுமிங்களுக்கு சார். அவங்க அறைக்கு.”

“மாலுமி அறைக் கட்டில் எல்லாம் நேர்க்கட்டில். இப்பத்தான் அளந்துட்டு வந்தேன்.”

“உபரிக்கு வெச்சுக்கிறது சார். ஏதாவது கிழிஞ்சா...”

“கால் ஒடுங்கின உபரியா?”

ஊசிக்குப் பொறுமை அவ்வளவுதான். மெத்தையைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் பின்கோடிக்கு நடந்தாள். சங்கிலிப் பெட்டி மேல் ஏறி, கப்பலின் உடம்பு வளைந்து ஒடுங்கும் இடத்தில் மெத்தையை விரித்தாள். கையால் தள்ளக்கூட வேண்டியிருக்கவில்லை. தலைப்பக்கம் ஒரு விலாவில் போய் முட்டியது, கால்பக்கம் மூலைக்குள் போய் உட்கார்ந்தது. இம்மி இடைவெளி இல்லை.

“இங்க உக்காருது சார்!” என்று கத்தினாள்.

“இதே இடத்துலதான் என் புருஷன் செத்தாரு” என்றாள் அக்கா. “நூத்திப்பத்தாம் கட்டில். அப்ப தெச்ச மெத்தைக்கு அளவு அட்டை இது. தேதியைப் பாருங்க.”

பெர்த் மாஸ்டர் முகம் வெளுத்தது. ஆனாலும் பழைய ஆள் அல்லவா, தொண்டையைச் செருமினார்.

“சார், இந்தம்மா புத்தி கொஞ்சம்... அது ஸ்டீரேஜ் பின்கோடி சார். அந்தச் சொல்லோட மூலமே சுக்கான் வேலை நடக்குற...”

“தெரியும் சார். அன்னிக்கே பாடம் எடுத்தீங்க, ஒரு எழுத்து மறக்கலை” என்றாள் அக்கா. “வேலை நடக்குற இடம்னா அங்க எதுக்கு சார் மெத்தை?”

பெர்த் மாஸ்டர் சர்வேயர் பக்கம் திரும்பினார். அந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் பதில் சொன்னாலும் அவர் மாட்டிக்கொள்வார் என்று எனக்கே புரிந்தது. படுக்கிற இடம் என்றால் சங்கிலி மூடியை ஏன் கழற்றினாய்? வேலையிடம் என்றால் ஏன் கட்டில் விற்றாய்? பார்க்கப் பார்க்க எனக்கு அப்படியொரு சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷம்.

“இங்க கட்டில் இருந்ததுக்கு ஒரு அடையாளமும் இல்லையே” என்றார் சர்வேயர், விலாவைத் தடவிப் பார்த்து.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் படிக்கு மேல், போர்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவள் கூப்பிடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தெரியும் என்று எனக்கு அந்த நேரத்திலும் தோன்றவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் ஆதரவுக்குப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

போர்டைக் கீழே வைத்தேன். என் சுரண்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எந்த இடத்தில் சுரண்ட வேண்டும் என்று யாரும் எனக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை. சாம்பல் பெயிண்ட் உரிந்தது. மக்கு பொடிப்பொடியாகக் கொட்டியது. ஓர் ஓட்டை, இரண்டாவது ஓட்டை. எட்டையும் திறந்து வைத்தேன். மெத்தையின் தலைக்கும் காலுக்கும் நேராக, அளவெடுத்ததுபோல நின்றன.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் சர்வேயர்.

“மேல சாம்பல் அடிச்சவன் நான்தான் சார். விசாரணைக்கு முன்னாடி. இவரு சொல்லித்தான் அடிச்சேன்.”

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் காகிதத்தில் நடந்தது. கப்பல் நின்றது. கோப்பு திறந்தது. ‘ஒதுக்கப்பட்ட நூற்றுப்பத்தாம் படுக்கையில் உறங்கியபோது இறந்தார்’ என்று புதிதாக எழுதினார்கள். அந்தக் காகிதத்தின் நகலை வாங்கிக்கொண்டு ஊசி தெருவில் வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று உரக்கப் படித்தாள். பல் போனவள் வீட்டில் மட்டும் இரண்டு தடவை படித்தாள். அவள் புருஷன் ஒன்றும் புரியாமல் கை தட்டினானாம்.

பெர்த் மாஸ்டரை வேலையிலிருந்து நிறுத்தி, தலைமை ஆபீசுக்கு விசாரணைக்கு வரச் சொன்னார்கள். போக வேண்டியது, நூற்றெட்டுக் கட்டிலோடு மறுபடி லைசென்ஸ் கிடைத்த அதே கப்பலில்தான், அந்தப் பக்கம் போவது அது ஒன்றுதான். வேலையில் இல்லாதவருக்குக் கேபின் கிடையாது, கம்பெனி மெத்தையும் கிடையாது. ஸ்டீரேஜ் டிக்கெட்டோடு ஒருநாள் காலை அக்கா வாசலில் வந்து நின்றார். சட்டையில் இஸ்திரி இல்லை. வேறு யாரையும் அனுப்பியிருக்கலாம். அனுப்ப ஆள் மிஞ்சவில்லை போலிருக்கிறது.

“ஒரு மெத்தை வேணும்” என்றார்.

அக்கா தலை நிமிரவில்லை. ஊசிதான் எழுந்து வந்தாள். ஒன்பது வருஷமாகத் தீட்டிவைத்த நாக்கு.

“கால்பக்கம் ஒடுக்கணுமா சார்?”

அக்கா உள்ளே போய் அந்த மெத்தையைக் கொண்டுவந்தாள். சங்கிலிப் பெட்டி மேல் விரித்துக் காட்டிய அதே மெத்தை.

“இதுதான் இருக்கு. கால்பக்கம் ரெண்டு பிடி கூடவே வெச்சிருக்கேன். அசந்து தூங்கலாம்” என்றாள். “தூக்கம் வந்தா.”

அவர் வேண்டாம் என்று திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. வெறும் பலகையில் ஆறு நாள் படுக்க முடியாது என்று யோசித்திருக்கலாம். மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு தெரு வழியே நடந்தார். ஒரு பிள்ளை பின்னால் ஓடி ‘போடா ஸ்டீரேஜ்’ என்றது. யாரும் அதட்டவில்லை. நானும்தான்.

கப்பல் புறப்பட்டுப் போன பிறகு அக்கா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு லேசாக இருந்தது. உண்மையைச் சொன்னவன் நான், ஓட்டையைத் திறந்தவன் நான், என் பாவம் கழிந்தது என்று ஒரு நினைப்பு. தட்டிக்கு இந்தப் பக்கம் நின்றபடி சொன்னேன்.

“அக்கா, என்னை மன்னிச்சிரு. அப்பவே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்.”

அவள் கூட்டுவதை நிறுத்தவில்லை.

“அடக்கத்தன்னிக்கு நீயும்தான் ஒரு பக்கம் பெட்டியைத் தூக்கின. அப்ப உன் முழங்கையில சாம்பல் பெயிண்ட் ஒட்டியிருந்துச்சு. போர்டுக்கு யாரும் சாம்பல் அடிக்க மாட்டாங்க. அப்பவே எனக்குத் தெரியும்.”

இந்த ஒன்பது வருஷமும், தினம் அந்த டீயை...

“தெரிஞ்சும் ஏன்க்கா...?”

“எனக்கு அட்டை ஒண்ணு போதாது. அந்த ஓட்டை எங்க இருக்குன்னு தெரிஞ்சவன் ஒருத்தன் வேணும். பக்கத்துலயே இருக்கணும், எங்கயும் போயிடக் கூடாது. அதுக்கு டீ ஊத்தினேன்.” துடைப்பத்தைத் தட்டி ஓரமாக வைத்தாள். “இனிமே வேணாம்.”

உள்ளே போகத் திரும்பியவள் எதையோ நினைத்துக்கொண்டு நின்றாள்.

“அந்த ஏணியைத் தள்ளி வைங்க பெயிண்டரே. வைக்கோல் வண்டி வரணும்.”

தள்ளி வைத்தேன்.